உளவியல் பட்டத்துக்குக் கல்விக் கடன்: எவ்வளவு, எப்போது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் எங்கள் கிளைகளில் கல்விக் கடன் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கும். பொறியியல், மருத்துவம், செவிலியம் ஆகிய படிப்புகளுக்கே முன்பெல்லாம் பெரும்பாலான விண்ணப்பங்கள் வரும். அண்மை ஆண்டுகளாக, உளவியல் இளநிலைப் பட்டத்துக்குக் கடன் கேட்டு வருவோரையும் நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். மகளோ மகனோ மனநல ஆலோசகராக வேண்டும் என்று விரும்புகிறார். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பத்து நாளில் செலுத்தவேண்டும். இந்த அவசரத்தில், அக்கடனை எந்த வருமானத்திலிருந்து திருப்பிச் செலுத்தப்போகிறோம் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. அக்கேள்வியை வாடிக்கையாளர்களுடன் சேர்ந்து சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உளவியல் நம் நாட்டுக்குப் புதிய பாடமன்று. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916ஆம் ஆண்டிலேயே அதற்குத் தனித்துறை அமைந்தது. ஆயினும் பொதுமக்கள் கவனம் அதன்மீது திரும்பியது அண்மையில்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கணித்தது. 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2022 அக்டோபரில் டெலி-மானஸ் என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையை மத்திய அரசு தொடங்கியது. இவற்றையெல்லாம் கண்டு, இத்துறைக்கு எதிர்காலம் உண்டு என்று இளைஞர்கள் நம்புவது இயல்பே. நாங்களும் அவ்வாறே கருதுகிறோம். ஆனால் சமூகத்துக்கு ஆயிரம் ஆலோசகர்கள் தேவைப்படுகிறார்கள் என்பதனால் சம்பளத்துடன் கூடிய ஆயிரம் பணியிடங்கள் உருவாகிவிடுவதில்லை. மாதத் தவணையைச் சம்பளத்திலிருந்துதான் கட்டியாகவேண்டும்.

மூன்றாண்டா, ஏழாண்டா?

பெற்றோர் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இயலாது. இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992இன்படி அத்தொழிலுக்கு மன்றத்தின் மையப் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். பதிவின்றித் தொழில் புரிவது தண்டனைக்குரியது. அப்பதிவுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த வழி இது: மூன்றாண்டு இளநிலை, ஈராண்டு முதுநிலை, அதன்பின் மருத்துவமனையில் மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டுப் பயிற்சியாக அமைந்த எம்.ஃபில். மொத்தம் ஏழாண்டுகள். நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல மருத்துவ நிறுவனம், தேஜ்பூர் மனநல நிறுவனம், தில்லியின் இஹ்பாஸ் போன்றவை இப்பயிற்சிக்குப் பெயர்பெற்றவை. அங்கே இடங்கள் குறைவு. நுழைவுத் தேர்வு கடினம்.

இவ்வழியும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. புதிய பாடத்திட்டங்களை மறுவாழ்வு மன்றம் வகுத்துவருகிறது. மற்ற உளவியலாளர்களையோ, துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021 தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. ஆதலால் இன்று சேரும் மாணவர், தாம் தேர்ந்த நிறுவனமும் பாடமும் எந்த அமைப்பின் ஏற்புப் பட்டியலில் உள்ளன என்பதை அந்தந்த அமைப்பின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளவேண்டும். கல்லூரியின் விளம்பரக் கையேட்டை நம்பிவிடலாகாது. கடனின் ஆயுள் பதினைந்து ஆண்டு வரை நீளக்கூடியது. விதிகளோ ஓராண்டிலேயே மாறிவிடுகின்றன.

அண்மைய மாற்றங்களுள் கடனாளிகளை நேரடியாகப் பாதிப்பது ஒன்று. பட்டம் பெற்றதும் ஏதேனும் ஒரு வேலையில் சேர்ந்து, தவணையைக் கட்டிக்கொண்டே அஞ்சல்வழியில் உளவியல் முதுகலை படிப்பது நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. 2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் தொடங்கி, உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ புதிதாக நடத்தக்கூடாது என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. இனி முதுநிலை வேண்டுமென்றால் ஈராண்டு கல்லூரிக்கு நேரில் சென்றாகவேண்டும். அவ்வீராண்டும் முழுநேர ஊதியத்தை எதிர்பார்க்க முடியாது.

எண்களாகப் பார்ப்போம்

ஓர் எடுத்துக்காட்டு. கட்டணமும் விடுதிச் செலவுமாக ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். மூன்றாண்டுக்கு 7.5 லட்சம், முழுவதும் கடன். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கொள்வோம். உண்மை விகிதம் வங்கிக்கு வங்கி மாறும்; மாணவியருக்கு அரை விழுக்காடு சலுகை தரும் வங்கிகளும் உண்டு.

படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை. இதனைப் பலர் வட்டியில்லாக் காலம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். கிளைக்கு வரும் தந்தையரில் பாதிப்பேராவது, “படிப்பு முடியும்வரை வட்டி ஓடாதல்லவா?” என்று கேட்பதை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஓடும். முதல் ஆண்டில் வாங்கிய 2.5 லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 1 லட்சம். இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு மூன்று ஆண்டு வட்டி 75,000. மூன்றாம் ஆண்டுத் தொகைக்கு 50,000. இது தனிவட்டிதான். இருந்தும் முதல் தவணை நாளன்று கடன் 7.5 லட்சமாக இராது, 9.75 லட்சமாக வளர்ந்திருக்கும்.

அதனைப் பத்தாண்டில் அடைக்க மாதம் 12,885 ரூபாய் வேண்டும். பதினைந்து ஆண்டு எனில் 10,477 ரூபாய். தவணை சிறியது என்பதால் எல்லோரும் பதினைந்தையே தேர்கிறார்கள். அவ்வாறு செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 18.86 லட்சம். பத்தாண்டுத் திட்டத்தில் அது 15.46 லட்சம்.

இனி வருமானத்துக்கு வருவோம். உளவியல் இளநிலைப் பட்டத்துடன் நேரே வேலைக்குச் செல்வோர் நிறுவனங்களின் ஆட்சேர்ப்புப் பிரிவிலும், தொண்டு நிறுவனங்களின் களப்பணியிலும், சிறப்புக் குழந்தைகளுக்கு வகுப்பில் துணையிருக்கும் பணியிலும், வாடிக்கையாளர் சேவை மையங்களிலும் சேர்கிறார்கள். இவை மதிப்புக் குறைந்த பணிகள் அல்ல. ஆனால் தொடக்கச் சம்பளம் பிற கலைப் பட்டதாரிகளுக்குக் கிடைப்பதேதான். உளவியல் பட்டம் என்பதற்காக எவரும் கூடுதலாகத் தருவதில்லை. கைக்கு மாதம் 20,000 ரூபாய் வருகிறது எனில், மேற்சொன்ன 10,477 அதில் பாதியைத் தாண்டிவிடுகிறது. வெளியூரில் அறை வாடகையும் உணவுச் செலவும் போக மிச்சம் என்ன இருக்கும் என்பதை எந்தக் குடும்பமும் அறியும்.

கல்விக் கடன் தவணை கைக்கு வரும் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது எங்கள் கருத்து. இது சட்டமோ வங்கி விதியோ அன்று. பல ஆண்டுகளாகக் கடன் கணக்குகளைப் பார்த்துவந்ததில் நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். அதன்படி 10,477 ரூபாய்த் தவணைக்கு மாதம் 42,000 ரூபாய் சம்பளம் வேண்டும். பட்டம் பெற்ற முதலாண்டிலேயே அதனை எதிர்பார்ப்பது துணிச்சல்.

இப்போது அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ இதே பாடத்தைப் படிக்கும் மாணவரைக் கருதுவோம். கட்டணம், நூல்கள், பயணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் கடன், மூன்றாண்டுக்கு 1.2 லட்சம். வட்டியுடன் தவணை தொடங்கும் நாளில் 1.56 லட்சம். ஏழாண்டில் அடைக்க மாதம் 2,590 ரூபாய் போதும். 20,000 ரூபாய் சம்பளத்தில் இது எட்டில் ஒரு பங்கைச் சற்றே கடக்கும். இருவரும் பெறும் பட்டம் ஒன்றே. முதுநிலை நுழைவுத் தேர்வில் இருவரும் ஒரே வினாத்தாளையே எழுதுகிறார்கள்.

பிணையமற்ற வரம்பு என்னும் முதல்

இளநிலைப் படிப்பையே பெருங்கடனில் முடிப்பதை நாங்கள் ஆதரிக்காததற்கு முதன்மையான காரணம் மாதத் தவணை மட்டும் அன்று. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணையமும் வேண்டியதில்லை, குடும்பத்தின் பங்குத் தொகையும் வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை வீட்டையோ நிலத்தையோ அடமானமாகக் கேட்பதில்லை. அவ்வளவு தொகைக்குத்தான் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியும் வங்கிக்குத் துணை நிற்கிறது. அதைத் தாண்டினால் வங்கி சொத்து ஆவணத்தைக் கேட்கத் தொடங்கும்.

சொத்தில்லாத குடும்பத்துக்கு இந்த 7.5 லட்சம் என்பது ஒரு முதல். அதனை வழக்கமாக மாணவர் ஒருவருக்கான மொத்தக் கணக்காகவே வங்கிகள் பார்க்கின்றன. முதல் மூன்றாண்டிலேயே அது முழுதும் கரைந்துவிட்டால், உண்மையாகவே தொழில் உரிமத்தைத் தரும் கடைசி ஈராண்டுப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்போது கடன் வாங்க வழியிராது. நல்ல மதிப்பெண்ணும் இடமும் கிடைத்தும், பழைய கடன் முழு அளவில் நிற்பதால் பின்வாங்கும் விண்ணப்பங்களைப் பார்ப்பது எங்கள் பணியில் வருத்தம் தரும் ஒன்று.

அந்த மாணவி எப்படியோ உதவித்தொகை பெற்றுப் படிப்பைத் தொடர்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். வங்கியும் மேற்படிப்புக்காகத் தவணையை நான்காண்டு தள்ளிவைக்கிறது. 7.5 லட்சத்துக்கு ஆண்டுதோறும் 75,000 ரூபாய் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காமலேயே, எட்டாம் ஆண்டின் முடிவில் அவர் பெயரில் 12.75 லட்சம் நிற்கும். பதினைந்தாண்டுத் தவணை 13,700 ரூபாய்.

மாறாக, இளநிலையையும் முதுநிலையையும் குறைந்த கட்டணமுள்ள அரசு நிறுவனங்களில் கடனின்றியோ சிறு கடனிலோ முடித்துவிட்டு, கடைசி ஈராண்டுப் பயிற்சிக்கு மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 4 லட்சம் கடன் வாங்குபவரின் நிலை வேறு. தவணை தொடங்கும்போது 5 லட்சம்; பத்தாண்டில் அடைக்க மாதம் 6,608 ரூபாய். அப்போது அவரிடம் பதிவெண் இருக்கும். மருத்துவமனையிலோ சொந்த ஆலோசனை மையத்திலோ ஈட்டும் தகுதி இருக்கும். சில அரசு மனநல நிறுவனங்கள் பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகையும் வழங்குகின்றன. அங்கு இடம் கிடைத்தால் கடன் இன்னும் சுருங்கும். வருமானம் உயரும் படிக்கட்டுக்கு அருகில் கடனை வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

ஏழாண்டு காத்திருக்க இயலாத குடும்பங்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. பட்டத்துக்குப்பின் மறுவாழ்வு மன்றம் ஏற்ற சிறப்புக் கல்விக்கான பி.எட். படித்துச் சிறப்பாசிரியராகலாம். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர், மேல்வகுப்புகளில் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை வலியுறுத்தியது. மருத்துவ உளவியலை மட்டுமே கனவாகக் கொண்டவர்கள் இவ்வழியை ஏனோ திரும்பிப் பார்ப்பதில்லை. வங்கித் தேர்வும் குடிமைப் பணித் தேர்வும் எந்தப் பட்டதாரிக்கும் திறந்தே உள்ளன என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

சலுகைகளை எவ்வளவு நம்பலாம்?

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேசிய தரவரிசையின் அடிப்படையில் தேர்ந்தெடுத்த 860 உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குப் பிணையமில்லாக் கடன் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில், தவணை விடுப்புக் காலத்துக்கு 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்பது வரம்பு. உங்கள் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். 4.5 லட்சத்துக்கு உட்பட்ட வருமானக் குடும்பங்களுக்கான முழு வட்டி மானியமோ தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உரியது. சாதாரண உளவியல் பி.ஏ.வுக்கு அது கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கல்விக் கடன் வட்டிக்கு, 80இ என்று பரவலாக அறியப்படும் வருமான வரிக் கழிவு எட்டாண்டு வரை கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது பழைய வரிமுறையைத் தேர்வோருக்கு மட்டும். மாதம் 20,000 ரூபாய் ஈட்டுபவருக்கு வரியே இல்லை. வரி இல்லாதபோது கழிவால் பயனேது?

இவற்றைவிட உறுதியான பயன் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. படிப்புக் காலத்திலேயே வட்டியை மாதந்தோறும் கட்டிவந்தால் அக்காலத்துக்கு 1 விழுக்காடு வரை வட்டிச் சலுகை உண்டு. நம் முதல் எடுத்துக்காட்டில் அது முதல் ஆண்டில் மாதம் 1,875 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 3,750 ரூபாய், அதன்பின் 5,625 ரூபாய். நான்காண்டில் கட்டுவது 2,02,500 ரூபாய். தவணை 7.5 லட்சத்துக்கே தொடங்குவதால் பதினைந்தாண்டுத் தவணை 8,060 ரூபாயாக இறங்கும். மொத்தத்தில் 2.3 லட்சம் ரூபாய் மிச்சம். முதல் ஆண்டின் 1,875 ரூபாயையே கட்ட இயலாத குடும்பம் எனில், 7.5 லட்சக் கடன் அக்குடும்பத்துக்குப் பொருத்தமானதுதானா என்பதையும் அங்கேயே அறிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. கல்விக் கடனின் வட்டி பெரும்பாலும் மாறும் வட்டி. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அதே 2.5 விழுக்காடு நம் எடுத்துக்காட்டில் முழுதாகக் கூடினால் 10,477 ரூபாய்த் தவணை 12,017 ரூபாயாகும். பின்னர் குறையவும் கூடும். ஆனால் கூடும்போது தாங்குமா என்று பார்ப்பதே முறை.

கல்லூரியிடம் கேட்கவேண்டியவை

“எங்கள் மாணவருக்கு 12 லட்சம் ஆண்டுச் சம்பளம்” என்று பதாகை வைக்கும் நிறுவனத்திடம், அவர் எந்தத் துறை மாணவர் என்று கேளுங்கள். பெரும்பாலும் கணினித் துறையாக இருக்கும். தேசிய தரவரிசைக்காக நிறுவனங்கள் அளிக்கும் தரவுகள் பொதுவெளியில் உள்ளன. அதில் மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் என்ற வரிசையில், பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர், அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குச் சென்றோர் எத்தனை பேர் என்பதெல்லாம் காணக்கிடைக்கும். துறைவாரியாகப் பிரித்துத் தரமாட்டார்கள். ஆயினும் பதாகையைவிட அது நம்பத்தக்கது. உளவியல் துறைத் தலைவரை நேரில் கண்டு, சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் எந்தெந்த முதுநிலை நிறுவனங்களில் சேர்ந்தார்கள் என்று கேட்பது இன்னும் நன்று. நல்ல துறை எனில் விடை உடனே வரும்.

நான்காண்டு ஆனர்ஸ் படிப்பைத் தேர்வோர், கூடுதல் ஓராண்டுக் கட்டணத்தோடு ஓராண்டு வட்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். அதன்பின் முதுநிலை ஓராண்டில் முடியக்கூடும். சேர விரும்பும் பல்கலைக்கழகம் அதனை நடைமுறைப்படுத்தியுள்ளதா என்பதை முன்னரே உறுதி செய்துகொள்க.

பெற்றோரின் வயதும் இக்கணக்கில் உண்டு. கல்விக் கடனில் தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுகிறார். இன்று 50 வயதுள்ள தந்தைக்குத் தவணை தொடங்கும்போது 54. பதினைந்தாண்டுத் தவணை முடியும்போது 69. பணி ஓய்வுக்குப்பின் வரும் ஓய்வூதியமோ வைப்பு நிதியோ இத்தவணைக்குச் செல்லுமா என்பதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. தவணை தவறினால் மாணவரின் கடன் மதிப்பெண் மட்டுமன்றி, பெற்றோரின் மதிப்பெண்ணும் சரியும். தம்பியின் படிப்புக்கோ வீட்டுக்கோ அடுத்துக் கடன் கேட்கும்போது அது தெரியவரும்.

ஏற்கனவே கடன் வாங்கிப் பட்டமும் முடித்து, வேலை கிடைக்காமலோ குறைந்த சம்பளத்திலோ இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மாதிரித் திட்டத்தில், வேலையற்ற காலத்துக்கும் போதிய வருமானமற்ற காலத்துக்கும் தவணையைத் தள்ளிவைக்க இடமுண்டு. மேற்படிப்பில் சேர்ந்தால் தவணைக் காலத்தை மாற்றியமைக்கலாம். தொடக்கத்தில் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் அமையும் படிநிலைத் தவணை கிடைக்குமா என்றும் கேட்கலாம். இவை எதுவும் தானாக நடைபெறாது, எழுத்துமூலம் விண்ணப்பிக்கவேண்டும். தவணை தவறி 90 நாள் கடந்துவிட்டால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் கிளை மேலாளருக்கு உள்ள அதிகாரம் மிகவும் சுருங்கிவிடும். முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே, சம்பளச் சீட்டையோ வேலை இழந்த கடிதத்தையோ எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள்.